எட்டு மணிக்கு முந்தைய ஏரி

கவனிப்பாளர் காலை எட்டுக்கு வருவார்.
மடக்கு நாற்காலி, குடை, கைக்கடிகாரம்,
கோடு போட்ட நோட்டு.
யார் தண்ணீரில் இறங்கினார்,
எதுவரை நனைந்தார்,
கணுக்காலா, முழங்காலா, இடுப்பா,
எத்தனை நிமிடம்.
மாலை நான்கானதும் நாற்காலி மடங்கிவிடும்.

மலாவி ஏரிக்கு அலுவலக நேரம் தெரியாது.
நாணலடி நத்தைக்கும் தெரியாது.

ஐந்தரைக்கே வந்துவிடுகிறாள் அலினாஃபே.
இரண்டு வாளி, கரிப்பிடித்த பானைகள்,
இரவில் பிள்ளை நனைத்த துணி.
இடுப்பளவு நீரில் நின்று துவைக்கிறாள்,
பிழிகிறாள், திரும்பத் துவைக்கிறாள்.
கண்ணுக்குத் தெரியாத ஒன்று
தோலைத் துளைத்து உள்ளே போக
அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.
எட்டு மணிக்கு அவள் அடுப்படியில்.

நோட்டின் முதல் வரி:
எட்டு பத்து. ஆண். மீனவர். வலை இழுத்தல். முழங்கால்.

படிவம் நூற்றுப் பதினேழு.
வாசலில் கேட்டார்கள், வீட்டுத் தலைவர் சொன்னார்.
மனைவி வயது: முப்பத்து நாலு இருக்கும்.
தொழில்: இல்லை.
இல்லை என்றால்
அடுத்த பன்னிரண்டு கேள்விகளைத் தாண்டவும்.
தாண்டினார்கள்.
தண்ணீரைப் பற்றிய கேள்விகள் அந்தப் பன்னிரண்டில் இருந்தன.

சிறுநீரில் ரத்தம் உண்டா என்றபோது
கதவுக்குப் பின்னால் அவள் தொண்டையைச் செருமினாள்.
"பொம்பளைக்கு ரத்தம் புதுசா?" என்றான் கணவன்.
எழுதுகிறவர் சிரித்துவிட்டு
இல்லை என்று எழுதினார்.

சுகாதார நிலையத்தில் மூன்று முறை
வேறொரு நோய்க்கான மாத்திரை தந்தார்கள்.
படுக்கையில் தொற்றுவது என்றாள் செவிலி,
மெல்லத்தான் சொன்னாள்.
வரிசையில் அடுத்து நின்றது கணவனின் அக்கா.
அன்றிரவு அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி
எந்தப் படிவத்திலும் கிடையாது:
யாரவன்?

புழுவுக்கான மாத்திரை
பள்ளிக்கூடத்துக்கு வந்தது, படகுத்துறைக்கு வந்தது.
அவள் பள்ளியிலும் இல்லை, படகிலும் இல்லை.

சோம்பா நகரில், மின்சாரம் வந்துபோகும் ஒரு மாடியறையில்,
அட்டவணை ஐந்து தயாரானது.
ஆண்களிடம் நோய் அதிகம்.
அடியில் பொடி எழுத்தில்:
பாலினத்தைக் கட்டுப்படுத்திய பின்.

புள்ளிவிவரம் பார்க்கும் தெரேசியா மகான்யா
அந்தப் பொடி எழுத்தில் இடறினாள்.
கட்டுப்படுத்தியாயிற்று, சரி.
எழுதத்தான் வேண்டுமா அதை?
ஆண் ஒன்று, பெண் இரண்டு.
பால் என்றால் பங்கு என்றும் ஒரு பொருள்;
யார் பங்குக்கு விடியல், யார் பங்குக்கு வாளி,
பதில் சொல்லும் வாசல் யாருக்கு,
செருமும் கதவு யாருக்கு.
இவ்வளவையும் இரண்டு எண்ணில் அடைத்து
சமன்பாட்டிலிருந்து கழித்துவிட்டால்
மிஞ்சுவது தூய உண்மை என்று
அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவள் வீட்டில் குழாய் உண்டு.
குழாய் நின்ற நாட்களில்
தம்பியை யாரும் எழுப்பியதில்லை.

நூற்றுப் பதினேழை எடுத்தாள்.
அதுபோல் 'இல்லை' எத்தனை என்று எண்ணினாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
நகம் கடிக்கும் வழக்கம் விட்டு ஆறு வருடம்;
கடித்தாள்.

பிறகு கவனிப்பாளருக்குப் போன் போட்டாள்.
நாளையிலிருந்து ஐந்துக்குப் போக முடியுமா?

அந்தப்பக்கம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்.
"மேடம், அந்த நேரத்தில் பெண்கள் குளிப்பார்கள்.
நாற்காலி போட்டு உட்கார்ந்தால்
என்னை ஏரியிலேயே அமுக்கிவிடுவார்கள்."

நியாயம்தான்.
அதையும் குறித்துக்கொண்டாள்.

பெண் கவனிப்பாளர் தேவை என்று அறிவித்தார்கள்.
ஏழு பேர் வந்தார்கள்.
எழுதத் தெரிந்த, கடிகாரம் பார்க்கத் தெரிந்த,
ஏரியோரத்திலேயே குடியிருக்கும் ம்வந்திதாவைத் தேர்ந்தெடுத்து
நோட்டைக் கொடுத்தார்கள், நாற்காலியைக் கொடுத்தார்கள்.
காலை ஐந்திலிருந்து, என்றார்கள்.

அவள் நாற்காலியை ஒருமுறை விரித்துப் பார்த்தாள்,
மடக்கினாள்.

"அந்த நேரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீரை
யார் எடுப்பது?"